கடிகாரமும் பொன்னும்

திருவண்ணாமலையிலிருந்து செங்கம், ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி வழியாகச் சென்றால் ஒசூரை அடையலாம். கருநாடக எல்லையை அடுத்துள்ள ஊர் அது. 1971ஆம் ஆண்டில் தோன்றிய சிப்காட் நிறுவனம் அங்கே தொழிற்பேட்டை அமைத்த பின்னர்தான் ஆலைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. அவற்றுள் ஒன்று டைட்டன். அதன் பெயரைக் கேட்டதும் நீங்கள் கைக்கடிகாரத்தைத்தான் நினைப்பீர்கள். ஆனால் 2024-25ஆம் ஆண்டின் கணக்கைப் பார்த்தால், அந்நிறுவனத்தின் வருவாயில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் நகை விற்பனையால் வந்திருக்கிறது. கடிகாரம் செய்யப் புறப்பட்ட ஒரு நிறுவனம் பொன் வாணிகம் செய்வதாக மாறியது எப்படி? அதை நடத்திச் சென்றவர்கள் யாவர்? ஒரு பெரிய நிறுவனத்தின் கிளைகளும் அதன் தலைமையும் ஒன்றையொன்று எவ்வாறு உருவாக்குகின்றன என்பதை அறிய, நமக்கு இத்துணை அருகில் வேறு நல்ல சான்று இல்லை. ஆதலால் அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் பிறப்பு. அந்நாளில் பெருந்தொழிற் குழுமங்கள் விரும்பியபோது விரும்பிய தொழிலைத் தொடங்கிவிட முடியாது. மத்திய அரசின் உரிமம் வேண்டும். டாட்டா குழுமத்தாருக்குக் கடிகாரம் செய்யும் எண்ணம் இருந்தது. தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமாகிய டிட்கோவோ, நம் மாநிலத்தில் புதிய தொழில்களை நிறுவுவதற்கென்றே 1965இல் ஏற்பட்டது. இரண்டும் கை கோத்தன. இந்தப் பேச்சு தொடங்கிய காலத்தில் டிட்கோவின் பொறுப்பில் இருந்தவர் ஐராவதம் மகாதேவன். ஆம், சிந்துவெளி எழுத்தையும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளையும் ஆராய்ந்த அந்த அறிஞரேதான். நம் ஊருக்குத் தெற்கே ஜம்பையில் கிடைத்த அதியமான் கல்வெட்டைப் படித்தறிய முயன்ற அதே கண்கள், கடிகாரத் திட்டத்தின் கோப்புகளையும் படித்தன. கல்வெட்டு ஆராய்ச்சிக்கும் தொழில் வளர்ச்சிக்கும் இடையே வேலி எதுவும் இல்லை என்பதற்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

1984ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நிறுவனம் முறைப்படி தோன்றிற்று. டாட்டா இண்டஸ்ட்ரீஸ் என்பதன் முதலெழுத்துகளையும் தமிழ்நாடு என்பதன் முதலெழுத்துகளையும் ஆங்கிலத்தில் சேர்த்தே அப்பெயரை அமைத்தனர் என்பர். பங்குகளிலும் அந்த இணைப்பைக் காணலாம். டிட்கோவின் பங்கு 27.88 விழுக்காடு, டாட்டா குழுமத்தாரின் பங்கு ஏறத்தாழ 25 விழுக்காடு. அதாவது, தனி ஒரு பங்குதாரர் என்ற வகையில் எல்லாரினும் பெரியவர் தமிழ்நாட்டு அரசின் கழகமே. நிறுவனத்தின் தலைவராக டிட்கோ முன்மொழியும் ஆட்சிப்பணி அலுவலர் அமர்வதும், அன்றாட நிருவாகத்தை நடத்தும் மேலாண் இயக்குநர் டாட்டா மரபில் வந்தவராக இருப்பதும் வழக்கமாயின. தலைவர் வேறு, மேலாண் இயக்குநர் வேறு என்னும் இந்த வேறுபாட்டைப் பொருளியல் பயிலும் மாணவர்கள் நன்கு மனத்திற்கொள்ள வேண்டும். முன்னவர் இயக்குநர் குழுவின் கூட்டத்தை நடத்துபவர். பின்னவர் தொழிலை நடத்துபவர்.

முதல் மேலாண் இயக்குநர் செர்க்ஸஸ் தேசாய். பம்பாயிலும் ஆக்ஸ்போர்டிலும் பயின்றவர். பொறியாளர் அல்லர். அவர் எடுத்த முதல் பெரு முடிவே துணிவானது. அக்காலத்தில் நம் நாட்டுக் கடிகாரச் சந்தை எச்.எம்.டி. என்னும் அரசுத் தொழிலகத்தின் கையில் இருந்தது. 1961 முதல் பெங்களூரில் கடிகாரம் செய்துவந்த அந்நிறுவனத்தின் சாவி கொடுக்கும் கடிகாரங்கள், திருமணச் சீராகவும் தேர்வில் வென்றதற்குப் பரிசாகவும் வீடுதோறும் புகுந்திருந்தன. தேசாய் சாவிக் கடிகாரத்தை விடுத்துக் குவார்ட்ஸ் கடிகாரத்தைத் தேர்ந்தார்.

குவார்ட்ஸ் என்பது ஒருவகைப் படிகக்கல். சிறு மின்கலத்தின் விசை பட்டதும் அது ஒரே சீராக அதிரும்; நொடிக்கு 32,768 முறை. ஏன் இந்த விந்தையான எண்? இரண்டைப் பதினைந்து முறை தனக்குள் பெருக்கிப் பாருங்கள். இந்த எண்ணே வரும். எனவே அதிர்வைப் பதினைந்து முறை பாதி பாதியாகக் குறைத்தால் நொடிக்கு ஒரு துடிப்பு எஞ்சும். அத்துடிப்பே நொடிமுள்ளை நகர்த்துகிறது. எட்டாம் வகுப்பில் அடுக்குக்குறி எதற்கு என்று கேட்கும் பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் சொல்வது வழக்கம்.

எந்திரம் ஒருபுறம் இருக்க, அதைச் செய்யும் கைகள் வேண்டுமே. ஒசூர் ஆலைக்குத் தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து மேனிலைப் பள்ளி முடித்த இளைஞரையும் இளம்பெண்களையும் தேர்ந்தெடுத்தனர். பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகள். வீட்டை விட்டு வெளியூர் சென்றறியாதவர்கள். அவர்களைத் தங்கவைத்து, பெற்றோர் நிலையில் இருந்து கவனித்துக்கொள்ளக் குடும்பத்தாரையும் ஏற்பாடு செய்தனர். செவிப்புலன் குறைந்தோர்க்கும் ஆலையில் இடம் அளித்தனர். ஓராயிரம் பக்கத் திட்ட அறிக்கையைக் காட்டிலும் இந்த ஏற்பாட்டை நான் பெரிதாக மதிப்பேன். பள்ளி இறுதி வகுப்பு முடித்த பிள்ளை, நுண்ணோக்கியின் கீழ் மயிரிழை போன்ற உறுப்பைப் பொருத்தக் கற்றுக்கொள்ள முடியும் என்று ஒருவர் நம்பினால்தான் அது நடக்கும். நம்பினார்கள், நடந்தது. பின்னர் 1990களில் மைராடா என்னும் தொண்டு நிறுவனத்தின் துணையுடன், சுற்றுவட்டாரத்துக் கிராமப் பெண்கள் தாமே பங்குதாரராக உள்ள ஒரு நிறுவனத்தை அமைத்து, கடிகாரப் பட்டைகளைக் கோக்கும் வேலையை ஏற்று நடத்தினர்.

இனி விற்பனை. அந்நாளில் கடிகாரக் கடை என்பது பெரும்பாலும் பழுது பார்ப்பவரின் சிறு அறை. கண்ணாடிப் பேழைக்குள் நான்கு வரிசைக் கடிகாரங்கள். 1987 இறுதியில் பெங்களூரில் டைட்டன் தன் முதல் காட்சிக்கூடத்தைத் திறந்தது. வெளிச்சமும் அகன்ற இடமும் உடையதாக, வருவோர் நின்று நிதானித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வண்ணம் அது அமைந்தது. நேரம் காட்டும் கருவி என்ற நிலையிலிருந்து அணிகலன் என்ற நிலைக்குக் கடிகாரம் உயர்த்தப்பட்டது இங்கேதான். அணிகலனாக ஒன்றை விற்கக் கற்றுக்கொண்டவர், பின்னாளில் வேறோர் அணிகலனை விற்க முற்பட்டது வியப்பன்று.

ஆயினும் நகைத் தொழிலுக்கு அவர்கள் வந்த வழி வேறு. கடிகார உறுப்புகள் சிலவற்றை வெளிநாட்டிலிருந்து வாங்க அன்னியச் செலாவணி வேண்டும். 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாட்டில் அதற்குப் பெரும் பஞ்சம். நகை செய்து ஏற்றுமதி செய்தால் அந்தச் செலாவணியை ஈட்டலாம் என்பது கணக்கு. பின்னர் 1991இன் பொருளாதாரச் சீர்திருத்தத்தால் அந்த நெருக்கடி தீர்ந்தது. கட்டிய ஆலையோ இருந்தது. ஆகவே தனிஷ்க் என்ற பெயருடன் உள்நாட்டிலேயே விற்கத் தலைப்பட்டனர். 1996இல் சென்னைக் கதீட்ரல் சாலையில் முதற்கடை திறந்தது.

தொடக்கம் தோல்வியே. 18 காரட் நகையைக் கொண்டுவந்து வைத்தனர். நம் வீட்டுத் தாய்மார் அதைத் தொட்டும் பார்ப்பார்களா? பத்தரை மாற்றுத் தங்கம் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். நகை நமக்கு வெறும் ஒப்பனையன்று. மகளின் திருமணத்துக்கும், மழை பொய்த்த ஆண்டின் விதைச் செலவுக்கும், மருத்துவச் செலவுக்கும் அடகுக்கடைக்குப் போகும் சேமிப்பு. ஆண்டுக்கு ஆண்டு நட்டம் ஏறிற்று. இப்பிரிவை மூடிவிடலாம் என்ற குரலும் எழுந்தது. ஐரோப்பாவில் கடிகாரம் விற்கச் சென்ற முயற்சியும் அதே ஆண்டுகளில் பெரும்பொருளை விழுங்கியது. தேசாய் பொறுத்திருந்தார். பிடிவாதம் என்று அன்று சிலர் சொல்லியிருக்கக்கூடும்.

நிலையை மாற்றியது ஒரு கருவி. காரட் மீட்டர் என்று அதற்குப் பெயரிட்டனர். நகையின்மீது ஊடுகதிரைச் செலுத்தினால், அதிலுள்ள பொன்னும் செம்பும் வெள்ளியும் தத்தமக்கே உரிய கதிர்களை வெளியிடும். அவற்றை அளந்து, சில நிமிடங்களில் எத்தனை பங்கு பொன் என்று திரையில் காட்டிவிடும். உருக்க வேண்டியதில்லை, உரைகல்லில் தேய்க்க வேண்டியதில்லை. 22 காரட் என்றால் 24இல் 22 பங்கு. ஆயிரத்தில் 916 பங்கு. தாம் பல்லாண்டு முன் வாங்கிய நகையைக் கொண்டுவந்து வைத்தவர்களில் பலர், அது 22 அன்று, இன்னும் குறைவு என்று கண்டு திடுக்கிட்டனர். விற்பவர் வாய்ச்சொல்லை நம்பி வாங்கிய காலம் அசையத் தொடங்கிற்று. அதன் பின்னரே அப்பிரிவு ஆதாயம் காண ஆரம்பித்தது. நம் நாட்டில் நகைக்கு முத்திரை இடுவது கட்டாயமானது 2021இல்தான் என்பதை இத்துடன் சேர்த்துப் பாருங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பெருநிறுவனங்களின் நகைக்கடைகள் பெருகப் பெருக, பரம்பரையாகப் பட்டறை வைத்திருந்த பத்தர்கள் பலர் தொழிலை இழந்தனர். குறைந்த மாற்றைக் கொடுத்தவர் சிலர், வருந்தியவர் எல்லாரும். ஒசூரில் கைவினைஞர்களுக்கென நல்ல ஒளியும் காற்றோட்டமும் உள்ள பணிக்கூடங்களை டைட்டன் அமைத்தது உண்மை. ஆயினும் தன் பட்டறையில் தானே முதலாளியாக இருந்தவனுக்கும், பிறர் கூடத்தில் வேலை செய்பவனுக்கும் உள்ள வேறுபாட்டை எந்தக் கணக்குப் புத்தகமும் எழுதுவதில்லை.

2002இல் தேசாய் விலகினார். சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்ற பாஸ்கர் பட் பொறுப்பேற்று, 2019 வரை பதினேழு ஆண்டுகள் நடத்தினார். அவர் பொறுப்பேற்ற 2002ஆம் ஆண்டில்தான் மொத்தக் கனம் 3.5 மில்லிமீட்டரே உள்ள 'எட்ஜ்' கடிகாரம் வெளிவந்தது. அதன் உள்ளெந்திரத்தின் கனம் 1.15 மில்லிமீட்டர். 2007இல் மூக்குக்கண்ணாடிக் கடைகள், 2013இல் நறுமணப் பொருள்கள், 2017இல் தனைரா என்னும் பட்டுச் சேலைக் கடைகள் என்று கிளைகள் விரிந்தன. 2008இல் சென்னையில் தோன்றி இணையவழியே நகை விற்ற கேரட்லேன் நிறுவனத்தின் பெரும்பங்கை 2016இல் வாங்கினர்; 2023இல் மேலும் 27.18 விழுக்காட்டை 4,621 கோடி ரூபாய்க்கு வாங்கினர். கடிகாரங்கள், பின் தொழிலகம் என்று இருந்த பெயர், 2013இல் டைட்டன் கம்பெனி என்று பொதுப்பெயராகச் சுருங்கியதற்கும் காரணம் இந்த விரிவே.

2019இல் மேலாண் இயக்குநரானவர் சி.கே. வெங்கட்ராமன். அதற்கு முன் அவர் நகைப் பிரிவின் தலைவர். அவருக்குப் பின் 2026 தொடக்கம் முதல் பொறுப்பேற்க 2025இல் அறிவிக்கப்பட்டவர் அஜோய் சாவ்லா. அவரும் அதற்கு முன் நகைப் பிரிவின் தலைவராக இருந்தவரே. இதில் ஒரு நியதி தென்படுகிறது அன்றோ? அமெரிக்காவின் அமேசான் நிறுவனத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 1995இல் புத்தகம் விற்கத் தொடங்கியது அது. அதன் கணினிச் சேவைப் பிரிவு 2024இல் மொத்த விற்பனையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கே. ஆனால் தொழில் ஆதாயத்தில் பாதிக்கும் மேல் அதனுடையது. 2021இல் நிறுவனர் ஜெப் பெசோஸ் விலகியபோது தலைமை அமர்ந்தவர், அந்தக் கணினிப் பிரிவை வளர்த்த ஆண்டி ஜாசி. எந்தக் கிளை ஈட்டுகிறதோ அந்தக் கிளையிலிருந்து தலைவர் வருகிறார். ஈட்டாத கிளைக்காக அந்த அவையில் யார் பேசுவார் என்பது நியாயமான கேள்வி. 1990களில் நகைப் பிரிவுக்காகக் கடிகாரக்காரரான தேசாய் பேசினார். அதனால் அது பிழைத்தது. எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவுக்காகப் பேசுவார் இல்லை. அதை மூட 2016இல் மத்திய அரசு முடிவு செய்தது.

நம் மாநிலத்துக்கு இதில் உள்ள பங்கைச் சிறு கணக்காகப் போட்டுக் காட்டுகிறேன். டைட்டனின் மொத்தப் பங்குகள் சுமார் 88.78 கோடி. அதில் 27.88 விழுக்காடு என்றால் சுமார் 24.75 கோடிப் பங்குகள் டிட்கோவினுடையவை. 2024-25ஆம் ஆண்டுக்குப் பங்கு ஒன்றுக்கு 11 ரூபாய் ஈவுத்தொகை. பெருக்கினால் ஏறத்தாழ 272 கோடி ரூபாய், ஓராண்டுக்கு மட்டும். பொதுத்துறை என்றாலே நட்டம் என்று மேடையில் பேசுவோரும், தனியார் என்றாலே சுரண்டல் என்று பேசுவோரும் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

கல்லூரி மாணவர்கள் இந்நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுத்தால், பின்பகுதியில் பிரிவுவாரிக் கணக்கு என்று ஓர் அட்டவணை இருக்கும். அதில் நகையின் எண்களே கண்ணைப் பறிக்கும். அவற்றைக் கடந்து, சிறிய எண்களையும் பாருங்கள். ஒசூரில் கடிகார உறுப்புகளைச் செய்து பழகிய நுண்தொழில் அறிவைக்கொண்டே, வானூர்திகளுக்கான உறுப்புகளையும் ஆலைகளுக்கான தானியங்கி எந்திரங்களையும் செய்யும் துணை நிறுவனம் ஒன்று டைட்டனுக்கு உண்டு. நம் பக்கத்துப் பிள்ளைகள் பொறியியலும் தொழிற்கல்வியும் முடித்துப் போய்ச் சேரக்கூடிய இடம் அதுதான். அந்த எண் இன்று சிறிது. 1996இல் நகையின் எண்ணும் சிறிதாகவே இருந்தது, அதுவும் நட்டக் கணக்கில்.