வண்டியின் விலையும் ஓட்டச் செலவும்

எங்கள் மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பாலை 1969-இல் இயங்கத் தொடங்கிற்று. அதன் புகைபோக்கிகள் தெரியும் பள்ளியில் கணக்குக் கற்பித்தவன் நான். ஆயினும், அண்மையில் பழைய மாணவன் ஒருவனிடம் நானே கணக்குப் படிக்க நேர்ந்தது.

மின் ஸ்கூட்டருக்கு விலை மிகுதியாயிற்றே என்றேன். “ஓட்டச் செலவையும் கூட்டுங்கள், ஐயா” என்றான். ஆண்டுக்கு 9,000 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் ஓடினால் 200 லிட்டர். லிட்டர் 100 ரூபாயென்றால் 20,000 ரூபாய். மின்சாரமோ ஏறத்தாழ 300 யூனிட். யூனிட் 8 ரூபாயானாலும் 2,400தான்.

“மின்கலம் தேய்ந்தால்?” என்று மடக்கினேன். புதியதற்குப் பல பத்தாயிரம் வேண்டுமே! சற்றுத் தயங்கியவன், மிச்சத்திலிருந்து ஆண்டுக்கு 10,000 ஒதுக்கினான். அப்போதும் மின் வண்டியே வென்றது.

ஆனால் அவன் குடியிருப்பது வாடகை வீட்டின் மூன்றாம் மாடி. கீழே மின்னேற்றம் செய்ய வீட்டுக்காரர் இசையவில்லை. கடன் வாங்கிப் பெட்ரோல் வண்டியையே எடுத்திருக்கிறான்.