காற்றின் ஈரமும் பேரிங்கின் ஆயுளும்

கியர்பாக்ஸைத் திறந்து பார்க்கும்போது பேரிங் பொரிந்து கிடந்தால், ஆயில் குறைந்திருக்கும், பாரம் கூடியிருக்கும் என்றுதான் முதலில் சொல்கிறோம். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் காற்றின் ஈரத்தையும் சந்தேகிக்க வேண்டும். இயந்திரம் ஓடிச் சூடேறும்போது உள்ளிருக்கும் காற்று விரிந்து ப்ரீதர் என்னும் காற்றுத் துளை வழியாக வெளியேறுகிறது. நிறுத்தியதும் பெட்டி குளிர்ந்து வெளிக்காற்றை உள்ளே இழுக்கிறது. மழைக்கால இரவில் அப்படி நுழையும் ஈரம் மேல்மூடியின் உட்புறத்தில் முத்து முத்தாகக் கோத்து, ஆயிலில் சொட்டுகிறது.

ஆயில் பால்போல வெளுத்தால்தான் ஆபத்து என்று பலரும் நம்புகிறார்கள். கண்ணுக்குத் தெரியாமல் கரைந்திருக்கும் நீரே கெடுதல் செய்யப் போதும். 1977இல் கான்ட்லி என்ற ஆய்வாளர் உருளை பேரிங்குகளில் செய்த சோதனை இதைக் காட்டியது. பத்து லட்சம் பங்கு ஆயிலில் 100 பங்கு நீர் இருக்கும்போது கிடைக்கும் ஆயுள், நீர் 400 பங்கானதும் பாதிக்கும் கீழே இறங்கியது. 25 பங்காகக் குறைத்ததும் இரு மடங்கைத் தாண்டியது. உருளையும் வளையமும் அழுந்தும் இடத்தில் ஆயில் அழுத்தத்தால் பல மடங்கு கெட்டிப்பட்டு இரும்பும் இரும்பும் உரசாமல் காக்கிறது. தண்ணீருக்கு அந்தக் குணம் கிடையாது.

ஓடுகிற சூட்டில் ஈரம் ஆவியாகிவிடாதா என்று கேட்கலாம். இரவு பகலாக ஓடும் இயந்திரத்தில் பெரும்பகுதி போய்விடும். தினம் சில மணி நேரமே ஓடும் இயந்திரத்தில் நடப்பது வேறு. சூடான ஆயில் கரைத்து வைத்திருந்த நீர், ஆறியதும் பிரிந்து அடியில் தங்குகிறது. உருளை அசையாமல் நிற்கும் இடத்தில் துரு பிடிக்கிறது; மறுநாள் அந்தத் துருவே உப்புத்தாள்போல் தேய்க்கிறது. ஆயிலைப் போல உராய்வைக் குறைக்கும் கிராஃபைட்டுக்கு ஈரம் நல்லதாயிற்றே என்பதும் நியாயமான கேள்விதான். இரண்டாம் உலகப் போரில் உயரப் பறந்த விமானங்களின் மின்னியந்திரங்களில் இருந்த கிராஃபைட் கலந்த கார்பன் பிரஷ்கள், அங்குள்ள வறண்ட காற்றில் வேகமாகத் தேய்ந்துபோயின. ஆனால், கிராஃபைட் தன் அடுக்குகளில் ஒட்டும் ஈரத்தால் வழுக்குகிறது. ஆயிலின் காப்பு அதன் படலத்தில் இருக்கிறது. ஒன்றின் விதி மற்றதற்குப் பொருந்தாது.

ஆகவே, விலை கூடிய ஆயிலைத் தேடுவதற்கு முன் காற்று வரும் வழியைக் கவனியுங்கள். சிலிகா ஜெல் நிரப்பிய ப்ரீதரைப் பொருத்தி, ஜெல் நிறம் மாறியதும் மாற்றுங்கள். ஆயில் டிரம்மை வெட்டவெளியில் நிமிர்த்தி வைத்தால், மூடிமேல் தேங்கும் மழைநீரை இரவுக் குளிரில் அது உறிஞ்சிக்கொள்ளும். கூரையடியில் படுக்க வையுங்கள். ஈரம் உள்ளே வந்தபின் அதை நீக்குவதற்கு ஆகும் செலவைவிட, வராமல் தடுக்க ஆகும் செலவு மிகக் குறைவு.