வாய்ச்சொல்லும் விரலெழுத்தும்

(வாலாசாபாத்தில் தமிழன்பர்கள் முன் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வினாத்தாளும் எழுதுகோலுமாக வாயிலில் வந்து நின்ற கணக்கெடுப்பாளர் இன்று கைப்பேசியோடு வருகின்றார். பலவிடத்து அவரும் வருவதில்லை. வினா மட்டுமே கைப்பேசிக்குள் வந்து சேர்கின்றது. 'பயிர்க்கடன் கிடைத்ததா? நலவாழ்வு நிலையத்தில் மருந்து இருந்ததா? குடிநீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகின்றது?' என்று அரசுத் துறையும் வங்கியும் ஆய்வு நிறுவனமும் கேட்கின்றன. விடை தர இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, விரலால் தட்டி எழுதுவது; மற்றொன்று, வாயால் சொல்வது. இவ்விரண்டனுள் எது சிறந்தது என்பதே இன்றைய பொருள்.

இது பொறியியலாரின் சிக்கல், தமிழுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று எண்ணிவிட வேண்டா. ஐயம்பேட்டைத் தறியில் அமர்ந்திருக்கும் நெசவாளரும், பாலாற்றங்கரை வயலில் களையெடுக்கும் உழத்தியும் சொல்லும் சொல், அரசின் ஏட்டில் எச்சொல்லாகப் பதிகின்றதோ, அதன்படியே நாளைய திட்டம் வகுக்கப்பெறும், பணம் ஒதுக்கப்பெறும், மொழிக்கும் இனத்துக்கும் எண்ணிக்கை கூறப்பெறும்.

சொன்னது ஒன்றாகவும் ஏறியது ஒன்றாகவும் போவதற்குச் சான்று வேண்டுமா? 2011 ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், தாய்மொழி யாது என்ற வினாவுக்கு மக்கள் கூறிய பெயர்கள் 19,569 வகையாகப் பதிவாயின. அவற்றை ஆய்ந்தும் தொகுத்தும் 1,369 தாய்மொழிகளாகக் குறுக்கினர். பின்னர் 121 மொழிகளாக அடக்கினர். ஐந்து கோடிக்கு மேற்பட்டோர் தம் தாய்மொழி போசுபுரி என்றனர். வெளியான பட்டியலிலோ அவர்கள் இந்தியின் கணக்கில் சேர்க்கப்பெற்றனர். வாய்க்கும் ஏட்டுக்கும் இடையே ஒரு கை இருக்கின்றது என்பதையும், அக்கை ஓர் இனத்தின் சொல்லையே மாற்றி வைக்க வல்லது என்பதையும் இவ்வொன்றே காட்டும்.

அடுத்த கணக்கெடுப்பு 2025 சூன் 16 ஆம் நாள் நடுவணரசால் அறிவிக்கப்பெற்றது. 2027 மார்ச்சு 1 அதன் கணக்கு நாள். தாளை விட்டுக் கைப்பேசிச் செயலி வழியே நிகழும் முதற் கணக்கெடுப்பாக அது வகுக்கப்பெற்றது. வீட்டார் தாமே இணையத்தில் விடை பதிந்துகொள்ளவும் அதில் வழி வைக்கப்பெற்றது. ஆகலின், விரலா வாயா என்னும் வினா தமிழர் வீட்டு வாயிலுக்கே வந்துவிட்டது.

முதற்கண் வாய்ச்சொல்லின் வலிவைக் காண்க. 2016 இல் அமெரிக்காவின் இசுட்டான்போர்டு பல்கலைக்கழகத்தாரும் பிறரும் ஆங்கிலத்தையும் சீனத்தையும் வைத்துக் கைப்பேசியில் ஓர் ஆய்வு நிகழ்த்தினர். தட்டி எழுதுவதைவிடப் பேசிப் பதிவது ஏறத்தாழ மூன்று மடங்கு விரைவாக இருந்தது, பிழையும் குறைந்தது. செருமனி நாட்டில் அரசியற் கருத்துகளைக் கேட்டு ஆய்ந்தவர்கள், எழுதிய விடையைவிடப் பேசிய விடை நீண்டு, நெஞ்சில் தோன்றியவாறே இயல்பாக வருவதைக் கண்டனர். தமிழகத்துக்கோ இன்னுமொரு பெருங்காரணம் உண்டு. 2011 கணக்கின்படி இங்கு ஏழு அகவை நிரம்பிய பெண்களுள் ஏறத்தாழ 73 விழுக்காட்டினரே எழுத்தறிந்தோர். நால்வருள் ஒருத்திக்கு எழுத்துத் தெரியாத நாட்டில், தட்டி எழுதினால்தான் விடை என்பது அவளை வாயடைத்து வைப்பதாகும்.

இனி, குசராத்தில் நிகழ்ந்த இரண்டு ஆய்வுகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து நோக்குக. இரண்டும் 2009 இல் வெளிவந்தவை. முதலாவது ஆய்வில், நலவாழ்வுப் பணியாளர்கள் நோயரைப் பற்றிய செய்திகளைக் கைப்பேசி வழியே மூன்று வகையாக அனுப்பினர். திரையிலுள்ள படிவத்தை நிரப்பியபோது 4.2 விழுக்காடு பிழை நேர்ந்தது. குறுஞ்செய்தியில் 4.5 விழுக்காடு. தொலைபேசியில் ஓர் ஆளிடம் வாயால் சொல்லி அவர் எழுதிக்கொண்டபோது 0.45 விழுக்காடே! ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. இரண்டாவது ஆய்வில் 45 பேர் கலந்துகொண்டனர். தொலைபேசியில் உழவுச் செய்தி கேட்கும் ஏற்பாடு அது. ஒரு பகுதியினர் பொறியிடம் வாயால் சொல்ல வேண்டும். மறு பகுதியினர் எண்ணை அழுத்த வேண்டும். வென்றது எண்ணே! அதிலும் எட்டாம் வகுப்பைக் கூடத் தாண்டாதவர்களுக்கே எண் வழி மிகுதியும் கைகொடுத்தது.

ஒரே மாநிலம், ஒரே ஆண்டு, ஓரிடத்தில் வாய் வென்றது, ஓரிடத்தில் விரல் வென்றது. இம்முரண் எதனால்? முதலாவதில் கேட்டது மாந்தச் செவி. ஐயம் எழுந்தால் அது மீண்டும் கேட்கும்; 'நாற்பதா, நாற்பத்தெட்டா?' என்று உறுதி செய்துகொள்ளும். இரண்டாவதில் கேட்டது பொறி. பொறிக்குத் தான் அறிந்த சொல் மட்டுமே சொல். எனவே வெற்றி வாய்க்குமன்று, விரலுக்குமன்று. மீண்டும் கேட்டு உறுதி செய்யும் ஒழுங்குக்கே உரியது.

பொறிக்குத் தமிழ் கேட்கத் தெரியுமா என்று ஆயும் முயற்சி தமிழகத்தில் இருபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிற்று. கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004, 2005 ஆம் ஆண்டுகளில் மூன்று மாவட்டங்களின் சிற்றூர் மக்கள் பேசிய தமிழ்ச் சொற்களைப் பதிவு செய்தனர். அவற்றைக் கொண்டு, திண்டுக்கல் மாவட்டம் செம்பட்டியில், ஒற்றைச் சொல்லைக் கேட்டுப் பயிர்ச்செய்தி கூறும் பொறியை அமைத்து மக்களிடம் ஆய்ந்து பார்த்தனர். இன்று நடுவணரசின் 'பாசினி' திட்டமும், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வாளர்களும் தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும் பொறிகளை வளர்த்து வருகின்றனர். வரவேற்கத்தக்கதே. எனினும் பொறி எவர் பேச்சைக் கேட்டுப் பழகிற்றோ, அவர் பேச்சையே நன்கு அறியும். செய்தி வாசிப்பாரின் தமிழைக் கேட்டு வளர்ந்த பொறி, காஞ்சிபுரத்துச் சிற்றூர்க் கிழவியின் தமிழை எவ்வாறு கேட்கும்?

ஓர் எடுத்துக்காட்டு. 'இவ்வாண்டு உம் வயலில் பெருந்தொல்லை யாது?' என்று கைப்பேசி கேட்கின்றது. உழவர் 'களை' என்கின்றார். பொறி 'கலை' என்று எழுதிக்கொள்கின்றது. வயலில் கலை எங்ஙனம் தொல்லையாயிற்று என்று கேட்க அங்கு ஆளில்லை. ஆயிரம் உழவரின் களை இவ்வாறு கலையாகிப் போனால், களைக்கான திட்டம் ஏட்டிலிருந்தே மறைந்து போகும்.

அவ்வாறாயின் தட்டி எழுதுவதே மேல் என்பீர்களோ? அங்கும் ஒரு கேடு புகுந்து கிடக்கின்றது. தமிழர் பலர் கைப்பேசியில் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகின்றனர். அவ்வெழுத்தில் கலையும் களையும் ஒரே கோலம்! பட்டும் பத்தும் பலர் கையில் ஒரே கோலம்! பொறியின் செவி தவறிச் செய்த பிழையைத் தமிழன் தன் விரலாலேயே, தெரிந்தே செய்கின்றான். காஞ்சிப் பட்டு நெய்பவர் தம் தொழிலை ஆங்கில எழுத்தில் தட்டினால், படிப்பவர் அதனைப் பட்டு என்பாரோ, பாட்டு என்பாரோ, யாரறிவார்? லகர ளகர ழகரங்களை முன்னோர் வீணாகப் படைத்தாரில்லை. பொருளைக் காக்கும் வேலி அவை. வேலியைப் பிடுங்கியெறிந்துவிட்டு விளைச்சல் போயிற்றே என்று அழுவதில் பயனில்லை.

தமிழ் எழுத்து மிகுதி, தட்டுவது கடினம் என்பதும் வெற்றுச் சொல்லே. 1999 இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற 'தமிழ்99' விசைப்பலகையில் உயிரையும் மெய்யையும் அறிந்தால் போதும். 216 உயிர்மெய்யும் அவற்றின் கூட்டால் தாமே பிறக்கும். ஆங்கில எழுத்தின் துணை ஓரிடத்தும் வேண்டியதில்லை. கைப்பேசிகளிலும் இப்பலகையை அமைத்துக்கொள்ளலாம்.

விரலுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு, அதுதான் மறைவு. 'கணவர் அடிப்பதுண்டா? வட்டிக்குக் கடன் எவ்வளவு?' என்ற வினாக்களுக்கு மாமியாரும் அண்டை வீட்டாரும் கேட்க எந்தப் பெண் வாய் திறந்து விடை சொல்வாள்? ஓசையின்றி ஓர் எண்ணை அழுத்துவாள். வாய்ச்சொல் பதிவில் குரலே ஆளைக் காட்டிக் கொடுத்துவிடும். எனவே எல்லா வினாவுக்கும் ஒரே வழி என்பது பொருந்தாது. தமிழக மகளிர் தன்னுதவிக் குழுக்களின் கணக்குகளைக் கொண்டு நிகழ்த்தி 2006 இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், கைப்பேசி தமிழில் பேசி வழிகாட்டியது. விடையான எண்ணைப் பணியாளர் விரலால் பதிந்தனர். செவியும் விரலும் கூடி வேலை செய்யும் அம்முறை எண்ணத்தக்கது.

இக்கூட்டு முறைக்கு அயல்நாட்டில் இலக்கணம் தேட வேண்டா. இவ்வூருக்குத் தெற்கே, பாலாற்றைக் கடந்தால் உத்திரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்து, 919, 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அங்குக் குடவோலை முறையைக் கூறி நிற்கின்றன. 30 குடும்புகளிலும் தகுதியுடையார் பெயர்களை ஓலையில் எழுதி, குடும்புதோறும் கட்டாகக் கட்டிக் குடத்தில் இட்டனர். ஒன்றுமறியாச் சிறுவனைக் கொண்டு ஒரு கட்டை எடுப்பித்து, வேறொரு குடத்திலிட்டுக் குலைத்து, அதிலிருந்து ஓரோலையை எடுப்பித்தனர். அவ்வோலையை நடுவன் ஐந்து விரலும் அகல விரித்த உள்ளங்கையில் வாங்கினான். வாங்கி வாசித்தான். அங்கிருந்த நம்பிமார் எல்லாரும் அதனை வாசித்தனர். அவ்வாறு வாசித்த பெயரே பின் எழுதிக்கொள்ளப்பெற்றது.

அது பார்ப்பனர் அவை. நிலமும் மறைக்கல்வியும் உடையார்க்கே அங்கு இடம். உழுதவர்க்கும் பெண்டிர்க்கும் இடமில்லை. அக்குறையை மறைத்துப் புகழ வேண்டியதில்லை. ஆனால் அவ்வொழுங்கின் நுட்பத்தை எண்ணிப் பாருங்கள்! எழுத்தை வாய் சரிபார்த்தது. ஒரு வாயைப் பல வாய் சரிபார்த்தன. அதன் பின்னரே மீண்டும் எழுத்தாயிற்று. விரித்த கையில் வாங்கியது, கைக்குள் வேறோலை மறைந்திராமைக்கு. அன்று சிலர்க்கே இருந்த அக்காவலை இன்று எல்லார்க்கும் ஆக்க வேண்டும்.

எங்ஙனம்? வினா தமிழில் கேட்கப்பெற வேண்டும். எண்ணாலும் ஆம், இல்லை என்பதாலும் முடியும் விடைக்கு விரல். காரணமும் கருத்தும் கூறும் விடைக்கு வாய். இரண்டனுள் எதனைக் கொள்வது என்னும் உரிமை விடை தருவோர்க்கு. வாய்ச்சொல்லைப் பொறி எழுத்தாக்கினால், அவ்வெழுத்தைத் தமிழில் திரையில் காட்டி, எழுத்தறியாதார்க்குப் படித்தும் காட்டி, 'நீங்கள் சொன்னது இதுதானா?' என்று கேட்க வேண்டும். அவர் ஆம் என்ற பின்னரே அது ஏட்டிலேற வேண்டும். பின்னாளில் தொகுத்துக் குறுக்கினும், முதலில் சொன்ன சொல் அழியாதிருக்க வேண்டும். பொறியைப் பழக்குவோர் தறிமேடைத் தமிழையும் வயல்வெளித் தமிழையும் கேட்டுப் பழக்க வேண்டும். இவற்றைக் கேட்டுப் பெறுவது தமிழர் உரிமை.

கடமையும் உண்டு. கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வோர் இளைஞனும் இன்றே அதில் தமிழ் விசைப்பலகையை அமைத்துக்கொள்ளட்டும். வினா வந்தால் தமிழைத் தேர்ந்தெடுத்துத் தமிழெழுத்தில் விடை தரட்டும். வீட்டிலுள்ள பாட்டிக்கு வினாவைப் படித்துக் காட்டட்டும். ஆனால் பாட்டியின் விடையைத் தன் விடையாக மாற்றிவிடாதிருக்கட்டும். அவர் சொன்னதைப் பதிந்து, பதிந்ததை அவர்க்கே படித்துக் காட்டட்டும். தாய்மொழி யாது என்று கேட்கும் நாளில், அவர் வாயில் பிறந்த 'தமிழ்' என்னும் சொல் சிறப்பு ழகரத்தோடு ஏட்டில் ஏறியதா என்று கண்ணால் கண்டு உறுதி செய்யட்டும்.