எழுந்து நிற்கும் வலிமை





ஐம்பது ஆண்டுகளாக நம் சங்கம் விடாமல் செய்துவரும் காரியம் நோயாளியை நலம் விசாரிப்பது. உலு யாமில் ஒருவர் விழுந்துவிட்டார், கோலகுபு பாரு மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் பழம் வாங்கிக்கொண்டு போய் நிற்போம். துஆச் செய்வோம். திரும்பும்போது, "அசையாம படுத்து ஓய்வெடுங்க அத்தா" என்போம்.

அப்படித்தான் இடுப்பெலும்பு முறிந்த நம் மூத்த உறுப்பினர் ஒருவரிடமும் சொன்னோம். அறுவைச் சிகிச்சை நல்லபடி முடிந்தது. பிள்ளைகள் கட்டிலுக்கே சோறு கொண்டுவந்தார்கள். ஆறு மாதத்தில் எலும்பு கூடிவிட்டது, கால்தான் கூடவில்லை. காலமெல்லாம் பால் வாளி சுமந்தவர், கடைசிவரை தானாக எழுந்து நிற்கவில்லை. நம் அன்பிலும் ஒரு பிழை இருந்ததை அன்று உணர்ந்தோம்.

படுக்கை தசையைத் தின்றுவிடும். தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளின் தொடைத் தசையை லண்டன் மருத்துவர்கள் அளந்து 2013-இல் வெளியிட்டார்கள். பத்தே நாளில் ஏறக்குறைய 18 விழுக்காடு கரைந்திருந்தது.

கரைந்ததை மீட்கவும் வழி உண்டு. இரண்டாம் உலகப் போரில் காயம்பட்டவர்களுக்குச் சிக்காகோ இராணுவ மருத்துவமனையில் டாக்டர் தாமஸ் டிலோர்ம் எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார். எடையைப் படிப்படியாகக் கூட்டினார். 1945-இல் அதைக் கட்டுரையாக எழுதினார். பழகியதைவிடச் சற்றே கூடுதலான பாரம், பிறகு ஓய்வு. அந்த ஓய்வில் தசை தன்னைச் சீர்செய்துகொண்டு வலுக்கிறது.

வயதாகிவிட்டதே என்கிறீர்களா? 1990-இல் வெளியான பாஸ்டன் ஆய்வில், முதியோர் இல்லத்தில் 90 வயதை ஒட்டியவர்கள் எட்டு வாரம் காலுக்குப் பயிற்சி செய்தார்கள். முடித்த ஒன்பது பேரின் கால் வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியது.

நம் நாட்டிலும் ஏற்பாடு உண்டு. 2007 முதல் சொக்சோ, வேலைக்குத் திரும்பும் திட்டத்தை நடத்துகிறது. 2014-இல் மலாக்காவில் மறுவாழ்வு மையத்தையும் திறந்தது. செம்பனைக் குலை வெட்டும்போது அடிபட்ட சந்தாதாரர் இருந்தால், அவர் குடும்பத்துக்கு இதைச் சொல்லுங்கள்.

வீட்டிலேயே தொடங்கலாம், மருத்துவர் அனுமதித்த பிறகுதான். உறுதியான நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரட்டும். அரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலைக் கையால் உயர்த்தட்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். மூச்சை அடக்கக் கூடாது. நெஞ்சு வலித்தாலோ தலை சுற்றினாலோ உடனே நிறுத்த வேண்டும்.

முடியாதவர் உட்கார்ந்து தொழ மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. அதில் வெட்கம் இல்லை. ஆனால் சுஜூதிலிருந்து தானே எழ ஏங்கும் ஒருவருக்கு, "பேசாமல் படுங்கள்" என்பது உதவியாகாது.

ஆகவே ஒரு வேண்டுகோள். இனி நலம் விசாரிக்கப் போகும்போது பழத்தோடு அரைமணி நேரத்தையும் கொண்டுபோவோம். அவர் எழும்போது பக்கத்தில் நிற்போம். கை கொடுப்போம், கை தேவைப்படாத நாள் வரும்வரை வாராவாரம் போவோம்.

அல்லாஹ் நம் நோயாளிகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.