அறளை என்னும் சொல்



திருகோணமலைத் துறைமுகத்தை அடுத்த ஊர்களிலே, முதியவர் ஒருவர் உண்டதை மறந்து மீண்டும் சோறு கேட்பாரானால், "அவருக்கு அறளை பெயர்ந்துவிட்டது" என்பர். அச்சொல் பிறந்ததும் விசாரணை முடிந்துவிடும். வைத்தியரிடம் கொண்டுசெல்வாருமில்லை, காரணம் தேடுவாருமில்லை. மூப்பு வந்தால் அறிவு மயங்குதல் இயல்பே என்னும் எண்ணமே இதற்கு அடிப்படை. அவ்வெண்ணம் சரியானதன்று.

1901ஆம் ஆண்டில், ஜேர்மனியின் பிராங்பேட் நகர வைத்தியசாலையில், நினைவு தடுமாறிய 51 வயதுப் பெண்மணி ஒருவர் சேர்க்கப்பட்டார். அவர் இறந்தபின் அவருடைய மூளையை ஆராய்ந்த அலோயிஸ் அல்சைமர் என்னும் வைத்தியர், அதிற் கண்ட சிதைவுகளை 1906இல் எடுத்துரைத்தார். மறதிநோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது இன்று அவர் பெயராலேயே வழங்குகின்றது. மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய்கள் பழுதுறுவதாலும் மறதிநோய் உண்டாகும். வயது ஏற ஏற இடர் பெருகுமேயன்றி, வயதே நோயாகாது.

இந்நோய் பெரும்பாலும் அண்மைக்கால நினைவையே முதலிற் பறிக்கின்றது. 1942 ஏப்பிரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தின்மீது குண்டு வீசியபோது சிறுவராயிருந்தவர், அந்நாளை விரிவாக எடுத்துரைப்பார். ஆனால், காலையில் வந்துபோன மகளை, நெடுநாளாக வரவில்லையென்று குறைகூறுவார். வீட்டாரோ, "பழையதெல்லாம் நினைவிருக்கின்றதே, வேண்டுமென்றே செய்கின்றார்" என்று சினங்கொள்வர். அச்சினம் நோயாளியை மேலும் வருத்துமேயன்றி, நினைவை மீட்டுத் தராது.

இம்மாவட்டத்திலே போரினாலும், 2004 டிசெம்பர் 26ஆந் திகதிக் கடற்கோளினாலும் வீடிழந்து வேறிடம் குடியேறியோர் பலர். அத்தகையோர் இந்நோய்க்கு ஆளானால், அந்திவேளையில் "வீட்டுக்குப் போகவேண்டும்" என்று படலையைத் திறப்பதுண்டு. அவர் தேடும் வீடு இன்றில்லை. "இதுதான் உங்கள் வீடு" என்று வாதிட்டாற் கலக்கமே மிகும். அப்பழைய வீட்டின் கிணற்றைப் பற்றியும் முற்றத்து மரத்தைப் பற்றியும் பேசச்செய்து, சிறிது தூரம் உடன் நடந்து, அழைத்துவருதலே நலம்.

இலங்கை மக்களுள் 60 வயதை எட்டியோர் 1981இல் நூற்றுக்கு 6.6 பேர், 2012இல் 12.4 பேர். பிள்ளைகள் பலர் தொழில் நாடிப் பிறநாடு சென்றிருக்க, பராமரிக்கும் சுமை பெரும்பாலும் மகளொருத்தியின் அல்லது மருமகளொருத்தியின் தோளில் விழுகின்றது. இரவிலும் உறங்காது காவலிருக்கும் அவருக்கு, வாரத்தில் ஓரிரு பொழுதேனும் உறவினரும் அயலவரும் மாறிமாறி உதவுதல் வேண்டும்.

மறதியெல்லாம் தீராத நோயன்று. தைரொயிட்டுச் சுரப்பின் குறைவு, விற்றமின் பி12 குறைவு, மனச்சோர்வு, சில மருந்துகளின் விளைவு ஆகியவற்றால் வரும் தடுமாற்றம் சிகிச்சையாற் சீராகலாம். அல்சைமர் நோயை முற்றாக மாற்றும் மருந்து இல்லையாயினும், துன்பத்தைத் தணிக்கும் வழிகள் உள. குருதியழுத்தம், நீரிழிவு, புகைத்தல், செவிப்புலக் குறை, தனிமை முதலிய 14 காரணிகளைக் கவனித்தால், மறதிநோயில் ஏறத்தாழ நூற்றுக்கு 45 பங்கைத் தவிர்க்கவோ தாமதிக்கவோ கூடுமென, லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024இல் மதிப்பிட்டது.

ஆகவே, "அறளை" என்று சொல்லி விலகுமுன், முதியவரை ஒருமுறை வைத்தியசாலைக்கு அழைத்துச்செல்க. நோய் அவருடைய நினைவைக் கவரலாம். அவருக்குரிய மதிப்பைக் கவரும் உரிமை எவர்க்கும் இல்லை.