பாடலிகையும் தில்லையும்
(திருவிழா அரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)



கடலூர் என்றவுடன் துறைமுகமும், கெடில நதியும், புனித டேவிட் கோட்டையுமே பலர்க்கும் நினைவில் எழுகின்றன. அக்கோட்டையை ஆங்கிலேயர் விலைக்கு வாங்கியது 1690ஆம் ஆண்டில். அதற்கு ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வூரின் பெயரைத் தாங்கி ஒரு நூல் எழுந்தது என்பதை நம் இல்லங்களில் எத்துணைப் பேர் அறிவர்?

அந்நூல் ‘லோகவிபாகம்’. தீவுகளும் கடல்களும், நரகர், தேவர் முதலியோர் வாழும் இடங்களும், ஞாயிறு திங்கள் முதலிய சுடர்களின் இயக்கமும் ஜைன மரபின்படி அதில் விளக்கப்பெறுகின்றன. சர்வநந்தி என்னும் முனிவர் பிராகிருதத்தில் இயற்றிய மூலத்தைச் சிம்மசூரி என்பார் வடமொழியில் ஆக்கித் தந்தார். இன்று நம் கைக்குக் கிட்டுவது அவ்வடமொழி நூலே. அதன் இறுதிச் சுலோகங்கள் ஒரு செய்தியைத் தெளிவாகப் பதிந்து வைத்துள்ளன. பாண ராட்டிரத்துப் பாடலிகை என்னும் ஊரில், காஞ்சி வேந்தன் சிம்மவர்மனின் 22ஆம் ஆட்சியாண்டில், சக ஆண்டு 380இல், சர்வநந்தியார் நூலை முடித்தார் என்பதே அது. சக ஆண்டு 380 என்பது கி.பி. 458. எனவே சிம்மவர்மன் 436இல் முடிசூடினான் என்று கணக்கிட்டனர் வரலாற்றாசிரியர். சக ஆண்டுக் குறிப்பற்ற செப்பேடுகளை வைத்துக்கொண்டு இடர்ப்பட்ட பல்லவர் வரலாற்றுக்கு, ஒரு துறவியின் ஏடு ஊன்றுகோலாயிற்று.

பாடலிகை, இன்றைய திருப்பாதிரிப்புலியூரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. வடமொழியில் பாடலி என்பது தமிழில் பாதிரி மரம். மகத நாட்டுப் பாடலிபுத்திரமும் அம்மரத்தின் பெயராலேயே வழங்கியது. பள்ளி மறைந்த பின்னும் மரத்தின் பெயர் ஊரை விட்டு நீங்கவில்லை.

லோகவிபாகத்தில் 13107200000 என்னும் பேரெண், இலக்கம் இலக்கமாகச் சொற்களால், சூன்யம் உட்பட உரைக்கப்பெறுகிறது. இடமதிப்பு முறைக்குரிய மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாக இதனைக் கணித வரலாற்றறிஞர் சிலர் போற்றுவர். ஆயினும், கிடைக்கும் வடமொழி நூல் சர்வநந்தியாருக்குப் பிற்பட்டதாதலின், இப்பெருமையை அளவோடு பேசுதலே நமக்கு அழகு.

இனி, பேசத் தயங்கும் பகுதிக்கு வருவோம். திருவாமூரில் பிறந்த மருணீக்கியார் இப்பாடலிபுத்திரப் பள்ளியை அடைந்து, அருக நூல்களைக் கற்றுத் தேர்ந்து, தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை பெற்றார் என்றும், பின்னர்த் தமக்கையார் திலகவதியாரால் சைவம் திரும்பித் திருநாவுக்கரசர் ஆனார் என்றும் பெரியபுராணம் கூறுகிறது. மன்னனும் சமயம் மாறி, பாடலிபுத்திரத்துப் பள்ளிகளை இடித்து, அக்கற்களைக் கொண்டு திருவதிகையில் குணதரவீச்சரம் எடுத்தான் என்கிறது அந்நூல். அம்மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் என்பர். குணபரன் என்பது அவன் விருதுப்பெயர். நாவுக்கரசர் கல்லோடு கடலில் மிதந்து கரை சேர்ந்த இடமெனக் கடலூரில் கரையேறவிட்டகுப்பம் காட்டப்பெறுகிறது.

இக்கதையில் சமணர் கொடியோராகவே வருகின்றனர். அது நமக்கு வருத்தம் தருவது இயல்பே. எனினும், இங்கே கல்வி சிறந்த பெரும்பள்ளி ஒன்று இருந்தது என்பதற்கும், சொல்வேந்தர் எனப் போற்றப்பெறும் ஒருவர் அங்கே பயின்றார் என்பதற்கும் அந்நூலே சாட்சி. கற்கள் எஞ்சாத ஊரில், மாற்றாரின் நூலும் நம் ஆவணமே. அதனை வெறுத்து ஒதுக்குவோர் தம் வரலாற்றின் ஒரு பக்கத்தைத் தாமே கிழிப்பவராவர்.

கடலூரிலிருந்து தெற்கே சென்றால் சிதம்பரம். சோழ மன்னன் திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் ஈடுபட்டுத் திளைத்திருந்தான் என்றும், அதனைக் கண்டு வருந்திய அமைச்சர் சேக்கிழார் தில்லை சென்று ஆயிரக்கால் மண்டபத்திலிருந்து பெரியபுராணம் பாடினார் என்றும் சேக்கிழார் புராணம் உரைக்கிறது. அவ்வேந்தன் இரண்டாம் குலோத்துங்கன் என்பர் பலர். வரலாறோ, பிற்காலப் புனைவோ, சைவ மரபே சொல்லும் கதை இது: ஒரு ஜைன முனிவரின் காப்பியச் சுவை, அதற்கு எதிராக மற்றொரு பெருங்காப்பியத்தையே தோற்றுவித்தது! அச்சிந்தாமணிக்கு உரை வகுத்த நச்சினார்க்கினியரும் சைவரே என்பதையும் உடன் நினைக்க வேண்டும்.

பல நூற்றாண்டுகள் கழித்து அந்நூலைப் பதிப்பிக்க முற்பட்ட உ.வே. சாமிநாதையர், பொருள் விளங்காத இடங்கள் பலவற்றில் தடுமாறினார். கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடிச் சென்றார். சந்திரநாத செட்டியார் முதலியோர் அவர் ஐயங்களைக் களைந்தனர். அவர்கள் பட்டம் பெற்ற புலவர் அல்லர். நாள்தோறும் இல்லத்தில் வாசித்தும் கேட்டும் பழகியவர்கள். அந்தப் பழக்கமே சிந்தாமணியைக் காத்தது. 1887இல் நூல் அச்சேறியது. 1924இல் அதே ஐயர், சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் தலைவராகத் தில்லைக்கு வந்து சேர்ந்தார்.