பெஞ்சில் வந்து உட்கார முடியாதவர்கள்



பட்டமளிப்பு விழாவுக்கு வருகிறவர் "ஏழைகளுக்குச் சேவை செய்யுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம். இன்று பட்டம் பெறும் மருத்துவர்களும் செவிலியர்களுமான உங்களுக்கு அதை ஏற்கெனவே நிறையப் பேர் சொல்லியிருப்பார்கள். நான் இனி உங்களைத் தேடி வரப்போகிற ஒரு கேள்வியைப் பற்றிப் பேசுகிறேன்.

வேலையில் சேர்ந்து சில வருடங்களில் ஊரில் உங்களுக்கு ஒரு பெயர் வந்துவிடும். அப்போது ஒருவர் ஓ.பி. முடியும்வரை காத்திருந்து உள்ளே வருவார். மளிகைக்கடைக்காரராக இருக்கலாம், துபாயிலிருந்து லீவில் வந்தவராக இருக்கலாம். "அப்பா ஞாபகமா ஆஸ்பத்திரிக்கு ஏதாவது செய்யணும் டாக்டர். என்ன வாங்கித் தரட்டும்?" என்பார். நம்மில் பலர் வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுகிறோம். ஒரு வீல்சேர், ஒரு ஸ்டீல் பெஞ்சு, குடிதண்ணீருக்கு ஒரு ஆர்.ஓ. மெஷின். 'உபயம்' என்று பெயர் எழுதி, சால்வை போர்த்தி, படம் எடுத்துக்கொள்வோம். பெஞ்சு வேண்டியதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெஞ்சுவரை வரவே முடியாத நோயாளிகள் இருக்கிறார்கள்.

புற்றுநோய் எலும்புவரை பரவி, "இனிமே வீட்ல வச்சுப் பாத்துக்குங்க" என்று அனுப்பப்பட்டவர். தென்னை மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்த இளைஞர். பக்கவாதம் வந்து பேச்சுப் போன பாட்டி. இவர்களுக்கு வேண்டியவை மார்ஃபின் மாத்திரை, படுக்கைப்புண்ணைக் கழுவிக் கட்டத் தெரிந்த ஒருவர், அவ்வப்போது மாற்றவேண்டிய சிறுநீர்க் குழாய், ஒரு ஏர் பெட். சம்பாதிக்கிறவரே படுத்துவிட்டால் வீட்டுக்கு அரிசி. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிய செலவில்லை. ஆனால் மாதாமாதம் வேண்டும், எத்தனை மாதம் என்று யாராலும் சொல்ல முடியாது. கல்வெட்டில் பொறிக்க இதில் ஒன்றுமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு 5.68 கோடிப் பேருக்கு இந்த வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சை (பாலியேட்டிவ் கேர்) தேவைப்படுகிறது. கிடைப்பது ஏறத்தாழ 14 சதவீதம் பேருக்குத்தான்.

நமக்குப் பக்கத்திலேயே, கேரளத்தில், இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். 1993-ல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் மயக்கவியல் துறையைச் சேர்ந்த டாக்டர் எம்.ஆர். ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார், இன்னும் சில நண்பர்கள் சேர்ந்து வலி நிவாரணத்துக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். நோயாளிகள் வந்தார்கள், வலி குறைந்தது. ஆனால் வந்தவர்கள் வரமுடிந்தவர்கள் மட்டுமே. நோய் மிகவும் முற்றியவர் ஜீப்பிலும் பஸ்ஸிலும் குலுங்கி எப்படி வருவார்? ஆகவே வீட்டுக்குப் போனார்கள். போனபிறகுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. ஒரு டாக்டரும் இரண்டு நர்ஸும் எத்தனை வீட்டுக்குத்தான் போக முடியும்?

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மலப்புறம் மாவட்டத்தில் அந்த வேலையை அக்கம்பக்கத்தார் கையில் கொடுத்துப் பார்த்தார்கள். ஆசிரியர், ஆட்டோ ஓட்டுகிறவர், ஓய்வுபெற்ற குமாஸ்தா, கல்லூரி மாணவி என யார் வேண்டுமானாலும் சேரலாம். முதலில் வகுப்பு, பிறகு நர்ஸுடன் வீடுவீடாகப் போய்ப் பழகுதல். புண்ணுக்கு மருந்து வைப்பது நர்ஸின் பொறுப்பு, மருந்து எழுதுவது டாக்டர் பொறுப்பு. அந்த வீட்டில் அடுப்பு எரிகிறதா, பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா என்று பார்ப்பது தன்னார்வலர் பொறுப்பு. முதுகுத்தண்டு அடிபட்டுப் படுத்தவர்களுக்குக் குடை செய்யக் கற்றுக்கொடுத்த குழுக்கள்கூட உண்டு.

பணம் எங்கிருந்து வந்தது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. பெரும்பகுதி அதே ஊரிலிருந்து, சில்லறையாக வந்தது. கடையில் வைத்த உண்டியல், மாதம் இவ்வளவு என்று ஒப்புக்கொண்ட குடும்பங்கள், பள்ளிப் பிள்ளைகளின் வசூல். ஒவ்வொரு ஜனவரி 15-ம் தேதியும் அங்கே பாலியேட்டிவ் தினம். காசு போட்டவர் தெருவில் நிற்கும்போதே அந்தக் காசில் ஓடுகிற வண்டி அவரைக் கடந்து போகிறது. ஒருநாள் வண்டி வரவில்லையென்றால் ஏன் என்று கேட்பார். ஊருக்கு வெளியிலிருந்து வருகிற எந்தத் தணிக்கையாளரும் இவ்வளவு கறாராக இருக்கமாட்டார்.

பெரிய கொடைகளை நான் மட்டம் தட்டவில்லை. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடருக்கு நியூயார்க் வங்கியாளர் ஷெல் தன் மனைவி நினைவாகக் கொடுத்த 10,000 டாலர், 1902-ல் 40 படுக்கை ஆஸ்பத்திரியாக எழுந்தது. நூற்றாண்டு கடந்தும் அந்தப் பெயர் வேலூரில் நிலைத்திருக்கிறது. ஆனால் அப்படிப்பட்ட கொடை, கட்டடத்துக்குள் தினமும் வேலை பார்க்க ஒரு ஐடா இருந்ததால் பயன்பட்டது. இப்போது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) பணத்தில் மெஷின் வருகிறது, அதை ஓட்ட டெக்னீஷியன் வருவதில்லை. சம்பளம் என்று கேட்டால் முகம் மாறிவிடுகிறது. இதை நீங்களும் சீக்கிரமே பார்ப்பீர்கள்.

ஆகவே ஓ.பி. முடிந்து காத்திருக்கும் அந்த மனிதரிடம் கூச்சப்படாமல் சொல்லுங்கள்: "ஐயா, வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற நர்ஸம்மாவுக்கு மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு தாங்க. வண்டிக்கு டீசல் போடுங்க. உங்களால் முடிந்தது போதும், ஆனால் மாதாமாதம் தாங்க." கூடவே இன்னொன்றையும் சொல்லவேண்டும். அரிசி மூட்டையை நோயாளியின் கையில் கொடுத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடக்கூடாது. படுத்த படுக்கையில் இருப்பவர் வேண்டாமென்று தலையசைக்கக்கூட முடியாத நிலையில் இருப்பார். அண்டை வீட்டார் உதவுவதில் இருக்கிற ஆபத்தும் இதுதான். பசியை முதலில் கண்டுபிடிப்பதும் அவர்கள்தான், நோயை ஊருக்குச் சொல்லிவிடக்கூடியவர்களும் அவர்கள்தான். தன்னார்வலர் பயிற்சியில் என்னைக் கேட்டால் பாதி நேரத்தை வாயை அடக்கப் பழக்குவதற்கே ஒதுக்குவேன்.

இதெல்லாம் அரசாங்கம் செய்யவேண்டியதில்லையா என்று உங்களில் சிலர் நினைப்பீர்கள். நியாயமான கேள்வி. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் தங்கள் கையிலிருந்து நேரடியாகக் கொடுத்த பங்கு 2013-14-ல் 64.2 சதவீதம், 2021-22-ல் 39.4 சதவீதம். அந்த இறக்கத்துக்கு உண்டியல் காரணமல்ல, அரசின் செலவு கூடியதே முக்கியக் காரணம். தர்மம் எவ்வளவு சேர்ந்தாலும் அரசாங்கத்தின் இடத்துக்கு வராது. மலப்புறத்துக் கதையின் அடுத்த அத்தியாயமும் இதையே காட்டுகிறது. 2008-ல் கேரள அரசு இந்தச் சிகிச்சைக்கென்றே ஒரு கொள்கையை அறிவித்தது, இந்திய மாநிலங்களில் முதலாவதாக. பஞ்சாயத்துகள் நர்ஸ்களை வேலைக்கு வைத்தன. காசு போட்டவர்களே ஓட்டும் போடுகிறவர்கள் அல்லவா? நம் மாநிலத்தில் 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்திலும் வீட்டுக்கு வந்து தரும் ஆதரவுச் சிகிச்சை உண்டு. அரசு வண்டி வாசலுக்கு வந்துவிட்டது. அந்த வண்டியின் பட்டியலில் இல்லாத செலவுகள், அதாவது அரிசி, மகளின் பரீட்சைக் கட்டணம், ஆட்டோ வாடகை, இவைதான் இனி ஊர்க்காசுக்கு உரிய வேலை.

எந்த நன்கொடையாளரும் வாங்கித் தர முடியாத ஒரு பொருளும் இருக்கிறது. அது மார்ஃபின். சட்டப்படி அபினி பயிரிட்டு வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்கிற நாடு நம்முடையது. ஆனாலும் 1985-ன் போதைப்பொருள் சட்டம் வந்தபிறகு லைசென்ஸ் மேல் லைசென்ஸ் கேட்டதில் ஆஸ்பத்திரிகள் பயந்து ஒதுங்கிக்கொண்டன. 1997-ல் இந்தியா முழுவதும் மருத்துவத்துக்குப் பயன்பட்ட மார்ஃபின் வெறும் 18 கிலோ. 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் அங்கீகாரம் வாங்கினால் போதும். மாத்திரை விலை குறைவு. இல்லாதது, அதை எழுதத் தெரிந்த கையும் பயிற்சியும், அந்த விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்கிற பொறுமையும்.

அதனால் புதிய இடத்தில் சேர்ந்த முதல் வாரத்திலேயே பார்மசிக்குப் போய் மார்ஃபின் மாத்திரை இருக்கிறதா என்று கேளுங்கள். "அதெல்லாம் இங்க வைக்கிறதில்லை" என்று பதில் வந்தால், அங்கீகாரத்துக்கு விண்ணப்பிக்கவேண்டியவர் யார் என்று விசாரித்து, படிவத்தை நீங்களே எடுத்துக்கொண்டு அவர் அறைக்குப் போங்கள்.